கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் ஆலயம்: பள்ளிக்கூடம் எப்போது கோயில் ஆனது?

ஹட்டிப்பையன்

எங்கள் ஊர் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவில். பெயர் வேண்டாம், சின்ன ஊர். சொன்னால் எழுதுவது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஊர்க்கோடியில், தேயிலை ஆரம்பிக்கிற மேட்டில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் இருக்கிறது. நெருக்கி உட்கார்ந்தால் ஐம்பது பேர் கொள்ளும். என் தாத்தா அதே கட்டடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கடைசி வரைக்கும் அவருக்கு அது ‘இஸ்கூல்’தான். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அவரோடு படித்தவர்களில் பெரும்பாலோரும் இல்லை.

இப்போது சபையார் மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடப் போகிறார்கள். கையோடு முகப்பில் ஆண்டு போட்டு ஒரு கல் பதிக்கவும் ஆசை. எந்த ஆண்டு என்பதில்தான் தகராறு. ஓட்டிலேயே 1865 என்று போட்டிருக்கிறது என்கிறார் ஒருவர். 1947 என்கிறார் இன்னொருவர். ஒரு பெரியவர், உத்தரம் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்கிறார். என் கேள்வி ஒன்றுதான்: பள்ளி எப்போது ஆலயமாக மாறியது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

ஊட்டிக்குளிர்

திப்புவை முதலில் அனுப்பிவைத்துவிடலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக் அரண்மனை மரம் வந்தது ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்துக்கு. அதற்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் போட்டு, 1830 நவம்பரில் பிரதிஷ்டை செய்தார்கள். கவர்னர் லஷிங்டன் முன்னின்று கட்டிய கோயில், அதனால் அவ்வளவு தூரத்திலிருந்து மரம் இழுத்து வர முடிந்தது. அந்தக் கதை பிறகு மலை முழுக்கப் பரவிவிட்டது. கொஞ்சம் கறுத்த உத்தரம் எங்கே இருந்தாலும் அது திப்பு வீட்டு மரம்தான்! உங்கள் ஊர் மரம் பக்கத்துச் சோலையில் வெட்டியதாக இருக்கும்.

ஓடுபொறுக்கி

1865-க்கு வருகிறேன். இது நான் நிறையப் பார்த்த விஷயம்.

ஓட்டைத் திருப்பி, அடிப்பக்கம் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், மங்களூர், 1865 என்று இருக்கும். பாசல் மிஷன் என்பது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கிறிஸ்தவ மிஷன்; மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. கம்பெனி முத்திரையில் சேர்ந்து வருகிற ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு இல்லை. முப்பது வருடம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே 1865தான். அல்புகர்க் கம்பெனி ஓட்டில் இதே மாதிரி 1868 இருக்கும். அந்தக் கணக்கில் போனால் கேரளத்தில் பாதி வீடுகள் ஒரே வருடத்தில் கட்டியவை என்றாகிவிடும்.

இன்னொன்றும் யோசியுங்கள். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-ல். குன்னூருக்கு மலை ரயில் ஏறியது 1899-ல். தொழிற்சாலை ஆரம்பித்த அதே வருடம் மங்களூரில் சுட்ட ஓட்டை, மாட்டு வண்டியில் அடுக்கி, மலை ஏற்றி, ஒரு ஹட்டியின், அதாவது நீலகிரிப் படகர் ஊரின், ஓரத்தில் இறக்கினார்கள் என்றால் நம்புவது கஷ்டம். அந்தக் காலத்துச் சின்னக் கட்டடங்கள் பெரும்பாலும் புல் வேய்ந்தவை. ஓடு, தகரம் எல்லாம் பிறகு வந்த வசதி.

பிரிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். எந்தப் பக்கத்துச் சரிவில் எந்த முத்திரை என்று சாக்பீஸில் குறித்து வையுங்கள். காமன்வெல்த் டிரஸ்ட் என்று முத்திரை இருந்தால் அந்த ஓடு முதல் உலகப் போருக்குப் பிந்தையது. பாசல் மிஷன்காரர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர்கள். போர் வந்ததும் பிடித்து அடைத்து, பிறகு நாடு கடத்தினார்கள். தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. ஒரே கூரையில் இரண்டு முத்திரையும் கலந்து கிடந்தால், எந்தப் பகுதி பிறகு சேர்த்தது என்று ஓடே காட்டிக்கொடுக்கும்.

சபைக்கணக்கு

நான் வேறு ஒரு ஊர் சபையில் பொருளாளர். ஓடுபொறுக்கி அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாக் கட்டடமும் ஓட்டோடு பிறந்ததா? முதலில் புல் கூரையாக 1865-ல் கட்டி, பிறகு ஓடு மாற்றியிருக்கலாமே. பெரியவர்கள் வாய்மொழியாகச் சொல்வதை இப்படி ஒரேயடியாகத் தள்ளுவது எனக்குப் பிடிக்கவில்லை.

பென்ஷன் வாத்தியார்

தள்ள வேண்டாம். ஆனால் மலையில் மிஷன் எங்கே எப்போது இருந்தது என்று முதலில் பார்ப்போம்.

ஊட்டி பக்கத்துக் கேத்தியிலிருந்துதான் ஆரம்பம். லஷிங்டன் காலத்தில் அங்கே அரசாங்கப் பரிசோதனைப் பண்ணை இருந்தது. பிறகு அந்த வீடும் நிலமும் சில கை மாறி, 1840-களின் நடுவில் காஸமேஜர் என்ற ஓய்வுபெற்ற மதராஸ் சிவில் அதிகாரியிடம் வந்தது. அவர் படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். பாசல் மிஷனைக் கூப்பிட்டார். 1846-ல் கேத்தியில் மிஷன் வேலை தொடங்கியது. 1849-ல் காஸமேஜர் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதியை மிஷனுக்கு எழுதி வைத்திருந்தார்.

வரிசையைக் கவனியுங்கள். பள்ளி முதலில் வந்தது. படகரில் முதல் ஆள் ஞானஸ்நானம் எடுத்தது 1858-ல். நடுவில் பன்னிரண்டு வருடம் பள்ளி நடந்திருக்கிறது, படகச் சபை என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. கோத்தகிரியில் மிஷன் நிலையம் வைத்ததே 1867-ல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் உங்கள் ஊரில் ஆலயம் எழும்பியது என்றால் அது யாருக்காக?

ஆகவே தம்பி, உங்கள் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போடச் சொல்வேன். ‘எப்போது மாறியது’ என்று ஒரு நாளைத் தேடினால் கிடைக்காது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. இரண்டையும் நடத்தியவரும் ஒரே ஆள்: உபதேசியார். காலையில் பெருக்கல் வாய்ப்பாடு, சாயங்காலம் வீடு சந்திப்பு. சம்பளம் ஒன்றுதான், அதுவும் சொற்பம்.

நான் வேலை பார்த்த ஒரு மானியப் பள்ளியிலும் இப்படித்தான். திங்கட்கிழமை காலையில் முதல் வேலை, பிரசங்க பீடத்தைத் தூக்கி மூலையில் வைத்து, அதன் மேல் மேப் சுருளை நிற்க வைப்பது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் சிலுவையைக் கழற்றி அலமாரிக்குள் வைப்போம். ஒரு இன்ஸ்பெக்டர் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடினார். நல்ல மனிதர்.

கூடலூர்மழை

இதைத்தான் நான் கேட்க வந்தேன். ஊர்ப் பிள்ளைகள் படித்த இடம். ஊர்க்காரர்கள் கல் சுமந்து கொடுத்திருப்பார்கள். அரசாங்கம் மானியம் கொடுத்தது. கடைசியில் அது எப்படி ஒரு சபையின் கோயில் ஆகும்? ஹட்டிப்பையன் தாத்தாவும்தானே அதில் பங்காளி? இதில் எல்லாரும் ரொம்ப நாசூக்காகப் பேசுகிறீர்கள்.

பென்ஷன் வாத்தியார்

நியாயமான கேள்வி. மானியம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் குறிப்புக்குப் பிறகுதான் தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுப்பது முறையானது. அரசு தானே எல்லா ஊரிலும் பள்ளி கட்டினால் கட்டுப்படியாகாது, நடத்துகிறவனுக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும் என்பதுதான் கணக்கு. மதராஸ் மாகாணத்தில் ரொம்ப காலம், இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைத்து, எத்தனை பிள்ளை தேறியது என்று பார்த்துத்தான் பணம். சம்பளத்துக்கு உதவி கிடைத்ததால் கட்டடம் அரசாங்கத்துடையது ஆகிவிடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மானியத்துக்கு எழுதும் தாளில் அது ‘பள்ளி’. வெளிநாட்டுச் சங்கத்துக்கு எழுதும் ஆண்டறிக்கையில் அதுவே ‘ஜெப வீடு’. இரண்டும் பொய் இல்லை. ஆனால் ஒரு தாளை மட்டும் பார்த்து வரலாறு எழுதுகிறவர் ஏமாந்துபோவார்.

ரெவின்யூ ரிடையர்டு

கூடலூர்மழைக்கு நேரடியான பதில். யாருடையது என்பதை மானியம் முடிவு செய்யாது, உணர்ச்சியும் முடிவு செய்யாது. நிலம் எப்படி வந்தது என்பதுதான் பேச்சு. மூன்று வழி உண்டு.

மிஷன் விலைக்கு வாங்கியிருந்தால் பத்திரம் இருக்கும், கதை முடிந்தது. ஊர்க்காரர் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்திருந்தால், சர்வேயின்போது யார் பெயரில் ஏறியது என்று அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டில், பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் சிக்கல். பள்ளிக்கென்று அரசு ஒதுக்கிய நிலமாக இருந்தால் உத்தரவில் நிபந்தனை இருக்கும். எந்தக் காரியத்துக்குக் கொடுத்ததோ அதற்குப் பயன்படாவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மலையில் இந்த மூன்றாவது வகை ஆட்கள் நினைப்பதைவிட அதிகம்.

தாலுகா ஆபீஸில் அ-பதிவேட்டு நகலும் புல வரைபடமும் கேளுங்கள். வில்லங்கச் சான்று ஆன்லைனில் 1975-லிருந்துதான் பொதுவாகக் கிடைக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். கல்லில் ஆண்டு பதிப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. கூரையை மட்டும் மாற்றினால் பழுதுபார்ப்பு. சுவரை இடித்து நீட்டினால் வேறு சங்கதி. 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளின்படி வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டியிருந்தது; இப்போதைய விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரியில் மலைப் பகுதிக் கட்டுப்பாடுகள் அதற்கு மேல்.

சபைக்கணக்கு

ஐயா, பயமுறுத்தாதீர்கள். மழை ஒழுகுகிறது, ஷீட் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

ரெவின்யூ ரிடையர்டு

போடட்டும். ஷீட் போடுகிறபோதுதான் ‘அப்படியே முன்பக்கம் பத்தடி இழுத்துவிடலாமே’ என்று ஒருவர் சொல்வார். சர்வீஸில் நிறையப் பார்த்தாயிற்று.

கோடை டீச்சர்

பழனி மலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே அமெரிக்கன் மதுரை மிஷன். 1834-ல் மதுரைக்கு வந்தவர்கள், 1845-ல் கோடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்: சன்னிசைடு, ஷெல்டன். உடம்புக்குக் குளிர்ச்சி தேடி வந்த இடம். அதனால் கோடை ஊருக்குள் இருக்கிற பழைய ஆலயங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. பிஷப் கால்டுவெல்கூட முதுமையில் இங்கே வந்து தங்கி, 1891-ல் இங்கேயேதான் இறந்தார். அடக்கம் மட்டும் இடையன்குடியில்.

கட்டடம் வேலை மாறுவது கோடைக்குப் புதிதே இல்லை. ஹைகிளெர்க் என்ற ஹோட்டலில்தான் 1901-ல் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள், இன்றைய கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1914-ல் இங்கே தொடங்கிய செயின்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ் 1922-ல் உங்கள் கேத்திக்கு மாறியது. மலைக்கு மலை பள்ளிக்கூடமே குடிபெயர்ந்திருக்கிறது!

ஹட்டிப்பையன் தம்பிக்கு என் யோசனை: தாளுக்குப் போகுமுன் சுவரைப் பாருங்கள். பள்ளியாகக் கட்டிய கட்டடத்துக்கும் ஆலயமாகக் கட்டியதற்கும் வித்தியாசம் தெரியும். வாசல் எங்கே? நீளச் சுவரின் நடுவில், தாழ்வாரத்திலிருந்து நுழைகிற மாதிரி இருந்தால் பள்ளி. ஆலயமாகத் திட்டமிட்டால் குறுக்குச் சுவரில் வாசல், எதிர்ச் சுவரில் பலிபீடம். ஜன்னல் அடிக்கட்டை எவ்வளவு உயரம்? தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு வெளிச்சம் விழ வேண்டுமென்று கட்டினால் தாழ்வாக இருக்கும். பலிபீடம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

ஹட்டிப்பையன்

டீச்சர் சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன். போகிற வழியில் எத்தனையோ தடவை பார்த்த கட்டடம், இப்போதுதான் கண்ணில் பட்டது.

நீளச் சுவரின் நடுவில் ஒரு வாசலை அடைத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் பூச்சு சமமாக இருக்கிறது, உள்ளே விரிசல் கதவின் உருவத்திலேயே ஓடுகிறது. இப்போதைய வாசல் குறுக்குச் சுவரில், அதன் நிலை புதுசு. ஜன்னல் என் இடுப்புக்கும் கீழே. பலிபீடம் கிழக்கே இல்லை, தெற்கே. அதற்குப் பின்னால் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கறுப்பு. விரலால் தேய்த்தால் வழவழ என்று இருக்கிறது. ஆலயத்தைத் திறந்துவிட்ட பாட்டி சொன்னார்: “அது போர்டு. கரியும் கோவை இலையும் அரைத்து நாங்கதான் தேய்ப்போம், சனிக்கிழமை.” அவரும் அங்கே படித்தவர்.

மணி என்று தொங்குவது தண்டவாளத் துண்டு.

இன்னொன்று. பக்கவாட்டுச் சுவரில் மேலே, பல்லி ஓடுகிற உயரத்தில், ஒரு வரி எழுத்து. சபையில் எல்லாரும் அதை ஜெர்மன் என்றுதான் சொல்கிறார்கள். படம் எடுத்து மைசூரில் வேலை பார்க்கும் நண்பனுக்கு அனுப்பினேன். கன்னடமாம். பாதி அழிந்திருக்கிறது, ஒரு வசனத்தின் துண்டு மாதிரி இருக்கிறதாம்.

பென்ஷன் வாத்தியார்

அருமை! அதை யாரும் சுண்ணாம்பு அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசல் மிஷனுக்கு மங்களூர்தான் தலைமையிடம், அச்சகமும் அங்கேதான். நீலகிரி வேலைக்கு வந்தவர்கள் கன்னட நாட்டில் பழகியவர்கள். படகர் மொழிக்குக் கன்னடம் பக்கம் என்பதால் பள்ளியில் கன்னடம் சொல்லிக்கொடுத்தார்கள். லூக்கா சுவிசேஷத்தைப் படகர் மொழியில் 1890-ல் அச்சிட்டபோதும் கன்னட எழுத்தில்தான் அச்சிட்டார்கள். தமிழ்ப் பாடம் பிறகு வந்தது. சுவரில் கன்னடம் இருக்கிறது என்றால் அந்தச் சுவருக்கு நல்ல வயதிருக்கிறது. 1947 என்று சொன்னவரிடம் இதைக் காட்டுங்கள்.

1947 எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும் போலிருக்கிறது. அந்த செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. சபைக்குப் பெயர் மாறிய ஆண்டு, கட்டடத்துக்கும் அதுவே பிறந்த ஆண்டு என்று யாரோ எழுதிவிட்டார்கள். கோயம்புத்தூர் திருமண்டலம் அதற்கும் பிறகு, 1950-ல்.

கூடலூர்மழை

எல்லாம் சரி. பள்ளி ஏன் நின்றது? அதைச் சொல்லுங்கள்.

பென்ஷன் வாத்தியார்

யாரும் பிடுங்கவில்லை என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி வந்தது. 1956-ல் மதிய உணவு தொடங்கியது. பிறகு பஞ்சாயத்து யூனியன் பள்ளிகள். புதுப் பள்ளி ரோட்டோரத்தில், பழையது மேட்டில். பிள்ளைகள் எங்கே போகும்? மானியப் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு என்று இழுத்து, அவரும் ஓய்வு பெற்றதும் கதவு சாத்தப்படும். ஐந்து நாள் வேலை போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை வேலை மிச்சம் நின்றது. அப்புறம் யாரோ பீடத்தைச் சிமென்ட்டில் கட்டினார்கள், வாசலை மாற்றினார்கள். நீங்கள் தேடுகிற ‘மாறிய நாள்’ ஏதாவது இருந்தால் அது அந்தக் கொத்தனார் வந்த நாள்தான்.

கூடலூர்மழை

அப்படியென்றால் ஊருக்குப் பள்ளி போகவில்லை, இடம்தான் மாறியது என்கிறீர்கள். சரி, அதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கல்லில் ‘பள்ளி’ என்ற சொல் இல்லாமல் ‘ஆலயம்’ என்று மட்டும் பதித்தால் அது தப்பு. இதில் என் கருத்து மாறாது.

கோடை டீச்சர்

நானும் இதில் கூடலூர்மழை பக்கம்தான்.

ரெவின்யூ ரிடையர்டு

பள்ளி மூடிய ஆண்டுக்கு ஒரு வழி. மானியப் பள்ளி மூடினால் சேர்க்கைப் பதிவேடு கல்வித் துறைக்குப் போயிருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வயது நிரூபிக்க வேண்டிய முதியவர்கள் அந்தப் பதிவேட்டுக்காகவே அங்கே வந்து நிற்பார்கள், அதனால் பத்திரமாக வைத்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் தேதி தெரிந்தால் போதும்.

சபைப் பக்கம் திருமணப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடக்கும் திருமணங்களைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், எங்கே நடந்தது என்பதும் சேர்த்து. உங்கள் ஊரில் நடந்த முதல் கல்யாணம் எந்த ஆண்டு, அந்த இடத்துக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஓடுபொறுக்கி

பாசல் நகரத்தில் மிஷன் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய புகைப்படங்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள், நீலகிரிப் படங்களும் உண்டு. கேத்தி, கோத்தகிரி என்று தேடுங்கள். ஊர்ப் பெயர் போட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம், பின்னால் தெரியும் மலையை வைத்து அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஹட்டிப்பையன்

ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். பின்சரிவு முழுக்கப் பாசல் மிஷன். தாழ்வாரத்தின் மேல் பெரும்பாலும் காமன்வெல்த், நடுநடுவே உடைந்ததற்குப் பதிலாக வேறு கம்பெனி ஓடுகள். அப்படியானால் தாழ்வாரம் போருக்குப் பிறகு சேர்த்தது, அல்லது அதன் ஓடு மட்டும் மாற்றியது. எது என்று கேட்க அந்தக் காலத்து ஆள் யாரும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வியாபாரி வந்து பழைய ஓட்டை மொத்தமாகக் கேட்கிறார், ஏதோ ரிசார்ட்டுக்காம். சபையார் யோசிக்கிறார்கள், ஷீட் செலவில் பாதி வந்துவிடுமே என்று. ஒவ்வொரு முத்திரையிலும் பத்துப் பத்து ஓடுகளை எடுத்து வைக்க மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல் விஷயம் இன்னும் இழுபறி. 1865 வேண்டும் என்பவர் இன்னும் 1865-லேயே நிற்கிறார்.

சேர்க்கைப் பதிவேடு கல்வி அலுவலகத்தில் இருக்கிறது! பார்க்க அனுமதி கேட்டு மனு கொடுத்தாயிற்று. கிடைத்ததும் பக்கங்களைப் படம் எடுத்து இங்கே போடட்டுமா?

பென்ஷன் வாத்தியார்

போடாதீர்கள் தம்பி. அந்தப் பதிவேட்டில் பிறந்த தேதி, அப்பா பெயர், ஜாதி எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அதில் உள்ளவர்கள் பலர் இன்னும் ஊரில் நடமாடுகிறார்கள். முதல் பதிவின் ஆண்டு, கடைசிப் பதிவின் ஆண்டு, மொத்தம் எத்தனை பிள்ளைகள், தலைமையாசிரியர் கையெழுத்து எத்தனை தடவை மாறியிருக்கிறது, இவ்வளவு எழுதினால் போதும். பெண் பிள்ளைகள் எந்த ஆண்டில் சேர ஆரம்பித்தார்கள் என்பதையும் முடிந்தால் பார்த்து எழுதுங்கள். எனக்கு அதில்தான் ஆசை.